ஸ்ரீரங்கத்தில் பதினோரு முகங்கள்

காலை ஐந்து ஐம்பதுக்குத் துறையூரிலிருந்து புறப்படும் திருச்சி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சென்ற தை மாதம், ஒரு வியாழக்கிழமை. டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். சத்திரம் பேருந்து நிலையம் வரை ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். பிள்ளைகளே, திருச்சியும் ஸ்ரீரங்கமும் நீங்கள் பார்த்த ஊர்கள்தான். மலைக்கோட்டையில் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நானே ஏறியிருக்கிறேன். ஆனாலும் அன்று ஒரு நாளில் நான் கண்டது எனக்கே இன்னும் ஆச்சரியம் அடங்காத ஒன்று. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மாமா செல்வம் திருச்சியில் சுற்றுலா வேன் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் அவன் போன் செய்தான்.

"மாமா, நாளைக்கு ஒரு நாள் மில்லுக்கு லீவு போட்டுட்டு வாங்களேன். என்கூட வர்ற ஆளு அக்கா கல்யாணத்துக்குப் போயிட்டான். கொரியாக்காரங்க, பதினோரு பேரு. எல்லாம் அறுபது வயசுக்கு மேல. ஏத்தி இறக்கணும், தண்ணி பாட்டில் கொடுக்கணும், வண்டி கிளம்பும்போது எண்ணணும். அவ்வளவுதான்."

"எண்ணத்தானே, அது நமக்கு வரும் மாப்ள" என்றேன். ரைஸ்மில்லில் பதினாறு வருடமாக மூட்டை எண்ணுகிறவன் நான். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஏழு இருபதுக்கு சத்திரத்தில் இறங்கி ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். பக்கத்துத் தெருவில் அவர்கள் தங்கியிருந்த ஓட்டல் வாசலில் செல்வம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், நெற்றியில் சந்தனக் கீற்று. வழிகாட்டியாக வந்த பெண்ணின் பெயர் கயல்விழி. காஞ்சிபுரம் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது இருக்கும், கொரிய மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசியது. "வாங்கண்ணா, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தோம்" என்று சொந்தத் தங்கை போல வரவேற்றது.

எட்டரைக்குப் பதினோரு அம்மாக்களும் இறங்கி வந்தார்கள். எல்லோரும் ஒரே உயரம். எல்லோருக்கும் குட்டையாக வெட்டிச் சுருட்டிவிட்ட முடி. எல்லோரும் குனிந்து எனக்கு வணக்கம் வைத்தார்கள். நானும் பதினோரு தரம் குனிந்தேன். யார் எவர் என்று முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சரி, தொப்பியை வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். ஊதாத் தொப்பி ஒருவர், வைக்கோல் தொப்பி ஒருவர், பூப்போட்ட தொப்பி ஒருவர். மனத்துக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

ஒன்பதே காலுக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் சேர்ந்தோம். ராஜகோபுரம் இருநூற்று முப்பத்தாறு அடி, பதின்மூன்று நிலை. எத்தனை தரம் பார்த்திருந்தாலும் அதன் அடியில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்குமே தவிர உச்சி கண்ணில் முழுசாக நிற்காது. அந்த அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார்கள். ஒருவர் கண்ணில் தண்ணீர். எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் அந்தக் கோபுரத்துக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே உயரம்தான் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே போகும்போது மரியாதைக்காக எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். என் கணக்கு அங்கேயே போயிற்று.

குதிரை வீரர்கள் பாயும் கல்தூண்கள், ஆயிரங்கால் மண்டபம், மேல்தளத்தில் ஏறி நின்று பார்த்த கோபுரக் கூட்டம் எல்லாம் சொன்னால் இந்தக் கட்டுரை நோட்டு முழுக்க வரும். நீங்களே போய்ப் பாருங்கள். நான் நடந்ததற்கு வருகிறேன்.

பதினொன்று நாற்பதுக்கு எல்லோரையும் வண்டிக்குக் கூட்டிவந்தேன். கயல்விழி பின்தங்கியவர்களுக்காக உள்ளே நின்றது. வண்டி நிறுத்தும் திடல் நிறைய வேன்கள். தனியாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே வந்து ஏறினார். எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். பதினொன்று.

"ஆள் சரியா இருக்கு, எடு மாப்ள" என்றேன்.

அப்போது கயல்விழி ஓடி வந்தது. அதன் பக்கத்தில் இன்னோர் அம்மா.

"அண்ணா, சுன்ஜா அம்மாவை விட்டுட்டுக் கிளம்பறீங்களே!"

"இல்லம்மா, பதினொண்ணு இருக்கே?"

கயல்விழி வண்டிக்குள் எட்டிப் பார்த்தது. நான் கடைசியாக ஏற்றிய அம்மாவைப் பார்த்ததும் அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணா, இவங்க நம்ம ஆளே இல்லை. ஜப்பான்காரங்க. கையைப் பாருங்க." அந்த அம்மாவின் மணிக்கட்டில் ஒரு பச்சை ரிப்பன். நம் பதினோரு பேர் ஒருவர் கையிலும் ரிப்பன் கிடையாது.

அந்த அம்மாவும் என்னைத் தன் வண்டி ஆள் என்று நினைத்து ஏறியிருக்கிறார்! வண்டியே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். செல்வம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். "மாமா, கணக்கு தப்பல. ஆளுதான் தப்பு." நான் இறக்கிவிட்டேன். திடலுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கொடி பிடித்து ஒரு கூட்டம் நின்றது. அவர் அதில் போய்ச் சேர்ந்தார். அவர்கள் வண்டி உடனே கிளம்பிப் போய்விட்டது.

மூட்டை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எண்ணிக்கை போதும். மனிதரை எண்ணினால் மட்டும் போதாது என்று அன்றுதான் கற்றேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் சுன்ஜா அம்மா செல்வத்திடம் கையை நீட்டி ஏதோ கேட்டார். செல்வம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். அவர் இல்லை என்று தலையசைத்தார். மறுபடியும் கேட்டார். கயல்விழியின் முகம் மாறியது.

"அண்ணா, கோயில் வாசல் வரைக்கும் போயிட்டு, பை கனமா இருக்குன்னு தனியாத் திரும்பி வந்து டிரைவர்கிட்ட கொடுத்தாங்களாம். பழுப்பு நிறப் பை. பாஸ்போர்ட் அதுலதான் இருக்கு. ரத்தக் கொதிப்பு மாத்திரையும்."

"என்கிட்டயா?" என்றான் செல்வம். "யாரும் எதுவும் கொடுக்கலையேம்மா."

கயல்விழி கேட்டுச் சொன்னது. சுன்ஜா அம்மா செல்வத்தின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். குரலில் கோபம் இல்லை, உறுதிதான் இருந்தது.

"இவர்தான்ங்கிறாங்க. முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தேன், சந்தேகமே இல்லைங்கிறாங்க."

இருபது கண்கள் செல்வத்தைப் பார்த்தன. சீட்டுக்கு அடியில், டிக்கியில், மேலே கம்பியில் எல்லாம் தேடினோம். இல்லை. கூட்டத்துக்குத் தலைவி போலிருந்த ஓர் அம்மா போலீசுக்குப் போகலாம் என்றார். மாலை ஐந்து மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் ஏற முடியாது. கயல்விழி வண்டி முதலாளிக்குப் போன் போட்டது. அவர் கத்தியது எனக்கே கேட்டது: "பை கிடைக்கலேன்னா சாவியை வச்சிட்டுப் போயிடச் சொல்லு அவனை!"

"நான் வண்டியை விட்டு நகரலையே மாமா" என்றான் செல்வம். பிறகு, "ஒரே ஒரு தடவை டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம்" என்றான்.

பிள்ளைகளே, உங்களிடம் மறைக்க மாட்டேன். உங்கள் மாமாவை அவனுடைய பத்து வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா அவ்வளவு உறுதியாகக் கை நீட்டியதைப் பார்த்தபோது, ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கும் சந்தேகம் வந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை அவருக்கு. என் சந்தேகத்தைச் செல்வம் என் கண்ணில் பார்த்துவிட்டான். வண்டியை விட்டு இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் நின்றான்.

அவன் அங்கே நின்றதைப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. செல்வமும் பொய் சொல்லவில்லை. பிறகு? கால் மணி நேரத்துக்கு முன்னால் நான் யாரோ ஒருவரை நம் ஆள் என்று வண்டியில் ஏற்றினேன். நானும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஏற்றினேன். எனக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

"கயலு, கொஞ்சம் கேளும்மா. நான் பண்ணின தப்பையே அவங்களும் பண்ணியிருந்தா? செல்வம் டீ குடிக்கப் போன நேரத்துல வேற டிரைவர்கிட்ட கொடுத்திருந்தா?"

செல்வம் திரும்பினான். "என் மூஞ்சியும் இன்னொருத்தன் மூஞ்சியும் எப்படி மாமா ஒண்ணாத் தெரியும்?"

"எனக்குப் பன்னெண்டு அம்மாவும் ஒண்ணாத் தெரிஞ்சாங்களே மாப்ள."

கயல்விழி என்னை அப்படியே பார்த்தது. "அண்ணா... அந்தப் பச்சை ரிப்பன் வண்டி!"

திடலில் டோக்கன் போடுகிறவரிடம் ஓடினோம். காதில் பேனா செருகிய மனிதர். "பச்சைக் கொடி வண்டியா? மைக்கேலு. பெரம்பலூர்ப் பக்கத்து ஆளு. காலையில உங்க வண்டிக்கு அடுத்தாப்லதான் நின்னாரு. மலைக்கோட்டைக்குப் போறேன்னாப்ல."

"போன் நம்பர் இருக்குங்களா?"

"அதெல்லாம் நமக்கு எதுக்குங்க? இப்பப் போனீங்கன்னா மலையடியில தெப்பக்குளத்துகிட்ட புடிச்சிடலாம்."

பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பினோம். ஆறு கிலோமீட்டர்தான்; ஆனால் அந்த நேரத்துப் பாலத்தில் வண்டி எறும்பாக ஊர்ந்தது. கீழே காவிரி பாதி மணலும் பாதித் தண்ணீருமாக வெயிலில் மினுங்கியது. சுன்ஜா அம்மா கையைக் கோத்துக்கொண்டு மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செல்வம் கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை.

கயல்விழி முன்சீட்டிலிருந்து மெதுவாகச் சொன்னது: "நான் கொரியாவுல ரெண்டு வருஷம் படிச்சேன்ணா. போன புதுசுல, என்கூட ஒரே ரூம்ல இருந்த பொண்ணைத் தெருவுல பார்த்தா எனக்கு அடையாளம் தெரியாது. அவ கோவிச்சுக்குவா. அதே காலேஜ்ல ஒரு வங்காளிப் பொண்ணு இருந்தா. என்னைவிட அரையடி உயரம். அவகிட்ட சொல்ல வேண்டியதை எல்லாரும் என்கிட்ட வந்து சொல்லுவாங்க. நான் கோவிச்சுக்குவேன்."

"அப்புறம்?"

"ஆறு, ஏழு மாசம் ஆச்சு. ஒரு நாள் காலையில மெட்ரோவுல உட்கார்ந்திருக்கேன், திடீர்னு எல்லா முகமும் தனித்தனியாத் தெரியுது. பனி விலகின மாதிரி. ஒருத்தர் எங்க சித்தப்பா மாதிரி, ஒருத்தி எங்க டீச்சர் மாதிரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். பிறந்த குழந்தைக்கு எந்த இனத்து முகம்னாலும் சமம்தானாம். சுத்தி இருக்கிற முகங்களையே பார்த்துப் பார்த்து, சில மாசத்துல அதுலயே கண்ணு பழகிடுமாம். மத்த இனத்து முகம்னா மேலோட்டமாப் பார்த்துட்டு விட்டுடும். உலகத்துல எல்லா நாட்டுக்காரங்களுக்கும் இப்படித்தான். பழகினா மாறும். ஆனா பழகாதவங்களுக்கு, தப்பாப் பார்க்கிறோம்னே தெரியாது. சில நாட்டுல, 'இவன்தான்'னு சாட்சி கை காட்டி, ஒண்ணும் பண்ணாதவங்க ஜெயிலுக்கே போயிருக்காங்கண்ணா."

செல்வம் கியரை மாற்றினான். அவன் கழுத்து வியர்த்திருந்தது.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாலத்தில் எதிரே வருகிற ஒவ்வொரு முகமும் எனக்குத் தனியாகத் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் பாதி முகம் தெரிந்தாலும் இது வேறு ஆள், அது வேறு ஆள் என்று தெரிந்தது. இதை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தொட்டிலில் கிடந்தபோதே, பேச்சு வருவதற்கு முன்னாலேயே கற்றிருக்கிறேன். நாற்பத்திரண்டு வருடமாக இப்படி ஒரு வித்தையை வைத்துக்கொண்டிருப்பது எனக்கே தெரியவில்லை.

மற்ற பத்துப் பேரைச் சத்திரம் பக்கத்து ஓட்டலில் சாப்பிட இறக்கிவிட்டோம். கயல்விழி அவர்களுக்குச் சாப்பாடு சொல்லிவிட்டு வந்தது. நாங்கள் நாலு பேர் மட்டும் தெப்பக்குளம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐந்து. சாலையோரம் நின்ற ஒரு வேனின் முன்கண்ணாடியில் பச்சைக் கொடி. உள்ளே டிரைவர் எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் ஒரு பழுப்பு நிறப் பை தொங்கியது.

செல்வம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அந்தப் பை..." என்றேன்.

"உங்களுதா?" மைக்கேல் சோற்றுக் கையோடு இறங்கி வந்தார். "அப்பாடா! ஒரு அம்மா வந்து கையில கொடுத்துட்டுப் போனாங்க. நம்ம வண்டி அம்மாதானேன்னு வாங்கி வச்சேன். இங்க வந்து திருப்பிக் கொடுத்தா ஒருத்தரும் வாங்க மாட்டேங்கிறாங்க. பன்னெண்டு பேர்கிட்டயும் நீட்டிட்டேன். எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டு, வேணாம் வேணாங்கிறாங்க. என்னடா இது, பரிசு கொடுக்கிறேன்னு நினைச்சுட்டாங்களோன்னு முழிச்சிட்டிருக்கேன்."

"உங்க ஆளுங்களை உங்களுக்கே தெரியலையாண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளாக் கூட இருக்கேன் தம்பி. உண்மையைச் சொன்னா, ரிப்பனைத்தான் பார்ப்பேன். இந்தம்மா கையை நான் பார்க்கல."

இப்போது செல்வமும் மைக்கேலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். செல்வம் குட்டை, உருண்டை முகம், முப்பத்தைந்து வயது. மைக்கேல் ஒட்டிய கன்னம், நீண்ட மூக்கு, முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் சந்தனம்கூடக் கிடையாது. இரண்டு பேருக்கும் பொது என்றால் வெள்ளைச் சட்டையும் மீசையும்தான். சுன்ஜா அம்மா பையைத் திறந்து பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மறுபடியும் இவரைப் பார்த்தார்.

கயல்விழி சொன்னது: "இப்பவும் தெரியலைங்கிறாங்க. எவர்கிட்ட கொடுத்தேன்னு இப்பவும் சொல்ல முடியலையாம். ஆனா அப்போ நூத்துக்கு நூறு தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சாம்."

அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெருவில், இடுப்பு வரை குனிந்து செல்வத்துக்கு வணக்கம் வைத்தார். நிமிரவே இல்லை.

"ஐயோ, எந்திரிக்கச் சொல்லுங்க கயலு, எங்க அம்மா வயசு" என்று செல்வம் பதறினான்.

நானும் அவன் தோளில் கை வைத்தேன். நான் பட்ட சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் அந்த அம்மா குனிந்ததாக நினைத்துக்கொண்டேன். முதலாளிக்குக் கயல்விழி போன் செய்தது. "கிடைச்சிருச்சா? சரி, சரி" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். சாவி செல்வத்தின் கையிலேயே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். பாலக்கரை நெரிசலைத் தாண்டி, பொன்மலைக்குத் திரும்பும் சாலை முனையில் வண்டி கொஞ்சம் நின்றது. ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து ஆட்கள் சைக்கிளிலும் பைக்கிலும் வந்துகொண்டிருந்தார்கள். சுன்ஜா அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏதோ சொன்னார், கயல்விழி சிரித்தது.

"இவங்க வீட்டுக்குப் போனா பொண்டாட்டிங்க எப்படிக் கண்டுபுடிப்பாங்கன்னு கேட்கிறாங்கண்ணா."

"உங்க ஊர்ல எப்படிக் கண்டுபுடிக்கிறாங்கன்னு நானும் கேட்டேன்னு சொல்லும்மா."

சொன்னதும் பதினோரு பேரும் சிரித்தார்கள். அப்போது பார்க்கிறேன்: ஒருவர் சிரிக்கும்போது இடது கண் மட்டும் சுருங்குகிறது. ஒருவருக்குக் கன்னத்தில் குழி. தலைவி அம்மாவுக்குத் தாடை சதுரம். சுன்ஜா அம்மாவுக்கு மேலுதட்டுக்கு மேல் சின்ன மச்சம், புருவம் வில் போல. காலையிலிருந்து அதெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பதினோரு முகத்தில் நாலு முகம் எனக்கு வந்துவிட்டது. மீதி ஏழு வரவில்லை; பொய் சொல்ல மாட்டேன்.

நாலு ஐம்பதுக்கு விமான நிலையம். பெட்டிகளை இறக்கி வைத்தோம். சுன்ஜா அம்மா கயல்விழியிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வந்து செல்வத்தின் எதிரே நின்றார்.

"செல்வம் அண்ணா" என்றது கயல்விழி. "உங்க முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கலாமான்னு கேட்கிறாங்க."

செல்வம் காது சிவந்து நின்றான். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கே மாமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னான். அந்த அம்மா சிரிக்கவில்லை. நெற்றியிலிருந்து தொடங்கிப் புருவம், கண், மூக்கு, மோவாய் என்று பாடம் படிப்பது போல மெதுவாகப் பார்த்தார். செல்வத்தின் வலது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. தன் புருவத்தைத் தொட்டு அதைக் காட்டினார். காதைக் காட்டினார். பிறகு தலையசைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வாசலுக்கு வெளியே தடுப்புக் கம்பியோரம் நாற்பது, ஐம்பது பேர் நின்றோம். பாதிப் பேர் டிரைவர்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சட்டை, எங்கே பார்த்தாலும் மீசை. கண்ணாடிக் கதவைத் தாண்டும் முன் சுன்ஜா அம்மா நின்று திரும்பினார். நான் கையைத் தூக்கப் போனேன். செல்வம் என் கையைப் பிடித்து இறக்கினான்.

"இருங்க மாமா. ஆட்டாதீங்க."

அவர் கண் கம்பியின் ஒரு முனையிலிருந்து நகர்ந்து வந்தது. ஒவ்வொரு முகமாக. எங்களிடம் வந்தது, எங்களைத் தாண்டிப் போனது. செல்வம் மூச்சே விடவில்லை. போன கண் நின்றது. திரும்பி வந்தது. செல்வத்தின் மேல் நின்றது. அந்த அம்மா ஒரு விரலால் தன் புருவத்தைத் தொட்டார்.

துறையூர் பஸ்ஸில் ஆறரை மணிக்கு எனக்கு இடம் கிடைத்தது. முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் நம் ஊர் முகங்கள். பெயர் தெரியாத முகங்கள்தான், ஆனாலும் ஒன்று போல ஒன்று இல்லை. டோல்கேட் தாண்டும் வரை அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்னங்க, தெரிஞ்சவங்களைத் தேடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, சும்மா பார்க்கிறேன்" என்றேன்.